மதினியின் மெலிந்த நோட்டு

கேரளத்து மலையூரான வண்டன்மேட்டில் நானும் மதினியும் ஒரே வருஷம் அரசு கிளார்க் தேர்வுக்குப் படித்தோம். அண்ணன் மனைவி என்றாலும் அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு. நான் டிகிரி முடித்து வீட்டில் இருந்தேன். அவள் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் புத்தகத்தை வரிக்கு வரி நகலெடுத்தேன். தலைப்புக்கு நீலம், முக்கியமானதற்குப் பச்சை. நாலு நோட்டு நிரம்பியதில் எனக்கு ஏகப்பெருமை.

ஆனைக்கரையில் ஒரு டியூஷன் சென்டரில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். கேரளத்தில் கிழக்கே பாயும் மூன்று ஆறுகளைக் கேட்டிருந்தார்கள். நான் அதைப் பச்சை மையில் எழுதிய பக்கம்கூடக் கண்ணுக்குள் நின்றது, பெயர்தான் வரவில்லை. மதினி என்னைவிட இருபது மார்க் கூடுதல்.

வரும் வழியில் ஜீப்பிலேயே அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மெலிந்த நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், “கிழக்க திரும்பி ஓடுற மூணு பேரு யாரு?” வலப்பக்கம், “பாம்பார் நம்ம ஜில்லா, பவானி பாலக்காடு, கபினி வயநாடு.” அதில் கபினி மட்டும் சிவப்பு மையில்.

“இது ஏன் செவப்பு?”

“வாசிச்சதும் புத்தகத்த மூடிருவேன். மனசுல நின்னத மட்டும் எழுதுவேன். பெறகு தொறந்து பாத்து, விட்டுப்போனத செவப்புல எழுதுவேன். அடுத்த நாளு அதத்தான் மொதல்ல கேட்டுக்கிடுவேன்.”

“எப்போ கேப்ப?”

“காய் எடுக்கையில. கைக்குத்தான வேல, வாய் சும்மாதான இருக்கு? கேள்வி ஞாபகம் இருக்கும், பதிலச் சொல்லிப் பாப்பேன். வராட்டி டீ குடிக்கிற நேரம் மடியிலிருந்து நோட்ட எடுத்துப் பாத்துக்கிடுவேன்.”

பொறாமை இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட வியப்புதான் அதிகம். நாள் முழுக்கச் செடியடியில் குனிந்து கிடந்தவள், எது தனக்குத் தெரியாது என்பதைத் தினமும் துணிந்து பார்த்திருக்கிறாள். நான் அதைக் கலர் பூசி மறைத்திருக்கிறேன்.

மறுநாள் புதிதாக ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கம் முக்கால்வாசி சிவப்பாகவே இருந்தது. மதினி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்க பிள்ள,” என்றாள்.

அந்த முறை லிஸ்டில் அவள் பெயர் வந்தது. என் பெயர் அடுத்த தேர்வில்தான் வந்தது. இப்போது அவள் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். எந்த விதி எந்தப் பக்கம் என்று கேட்க, மேலதிகாரிகளே அவள் மேசைக்கு வருகிறார்கள்.