கொழுந்தன் கோட்டு

யூனியா அக்கேலோவுக்கு ஒரு கூரை வேண்டும். அவ்வளவுதான். புருஷன் சப்லோன் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவன் வேய்ந்த புல்லும் அவன் பின்னாலேயே கிளம்பிவிட்டது. விக்டோரியா ஏரிக்கரை மழை வாசலில் பெய்ததைவிட அவள் கட்டிலில்தான் அதிகம் பெய்தது.

சபையின் மாதர் சங்கம் இரக்கப்பட்டு இருபது தகரம் கொடுத்தது. தகரம் சுவரில் சாய்ந்தே நின்றது. புருஷன் வழி ஆண் ஒருவன் மனைவியாகச் சேர்த்துக்கொள்ளாத விதவையின் கூரையில் எந்த லுவோ இனத்து ஆம்பிளையும் கை வைக்கமாட்டான். வைத்தவனுக்குச் சாவு என்பது குலத்து நம்பிக்கை.

"அறுபத்தாறு வயசுல எனக்கு எதுக்குடா ஆம்பிள?" என்று கொழுந்தன் ஒச்சோலாவிடம் கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையா மதினி? இடுப்ப நிமித்த முடியல. என் கோட்ட ஒரு ராத்திரி ஒன் வீட்டு ஆணியில மாட்டினா போதும்னு பெரியவங்க சொல்றாங்க. கோட்டு கொறட்ட விடாது, களி கேக்காது."

"அப்ப ஒன்னவிட நல்ல ஆம்பிளதான்."

கூடவே வேதத்தையும் புரட்டினாள். வாரிசில்லாமல் செத்தவனின் மனைவியைத் தம்பி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மோசேயின் சட்டம் அச்சு அசலாகச் சொன்னது. கர்த்தர் லுவோக்காரர்தானோ என்று அவளுக்கு ஒரு சந்தோஷம். கோட்டு ஆணி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் எல்கானா வந்தார், பின்னால் மாதர் சங்கம்.

"கோட்டுதான் ஐயா, ஆள் இல்ல. வேதத்துலயே இருக்கு, பாருங்க."

"அது பழைய ஏற்பாடும்மா. கிறிஸ்து வந்ததும் முடிஞ்சுபோச்சு."

"அப்ப நாங்க சபைக்குக் குடுக்கற தசமபாகம் எந்த ஏற்பாட்டுல ஐயா இருக்கு?"

பாஸ்டர் வேதத்தை மூடினார். "அது இன்னும் முடிஞ்சுபோகல."

திருவிருந்தில் அவளுக்கு இனி இடமில்லை என்றார். தகரங்கள் இரண்டிரண்டாகப் பெண்களின் தலையில் ஏறின.

"தப்பா நெனைக்காதக்கா," என்றாள் சங்கத் தலைவி டோர்சிலா. "பாவத்துக்குக் கூர போட்டோம்னு பேசுவாங்க."

மறுநாள் குலத்து ஆண்கள் நாலு பேர் சுத்தியலோடு வந்தார்கள். "கோட்டு மாட்டியாச்சாமே. தகரம் எங்க பெரியம்மா?"

அவள் சபைக் கோயில் பக்கம் கை காட்டினாள்.

"புல்லு போடலாம்னாலும் அறுக்க எங்க இருக்கு, ஊரெல்லாம் கரும்பு," என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துப் போனார்கள்.

மாட்டியதை ரத்து செய்ய வழி கேட்டு ஒச்சோலாவிடம் ஓடினாள். "மாட்டினது மாட்டினதுதான் மதினி, கழட்ட முடியாது."

பாஸ்டரிடம் போய்ச் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். கேட்கலாம், நல்லது என்றார். தகரம் மட்டும் வேறொரு விதவைக்குப் போய்விட்டதாம்.

ஏப்ரல் மழையில் மேற்குச் சுவர் விழுந்தது. யூனியா இப்போது சமையல் குடிசையில் படுக்கிறாள். அதுவும் ஒழுகுகிறது. இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை.