தங்கையின் கணினியில் ஓடாத நிரல்

மலேசியாவில், மூவார் ஊரில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தங்கை வாழ்க்கைப்பட்டுப் போனபின், எங்கள் பேச்சு தீபாவளி வாழ்த்தாகச் சுருங்கிவிட்டது. பிறந்த ஊரான ரெங்கத்தில் ஒரே அறையில் ஓயாமல் வாயடித்தவர்கள் நாங்கள்.

ஒருநாள் அவளே போன் செய்தாள். வாடிக்கையாளர் கேட்கும் அலமாரியைத் திரையில் வரைந்து காட்ட ஒரு மென்பொருள் வேண்டுமாம். சிங்கப்பூரில் எனக்கு அதுதான் பிழைப்பு. எல்லைக்கு இப்பால் நான் குடியிருக்கும் உலு திராம் வீட்டில், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

"அக்கா, தொறக்கவே இல்ல லா. ஏதோ லைப்ரரி இல்லையாம்."

இருவர் கணினியிலும் லினக்ஸ் இயங்குதளம்தான், ஆனால் வேறு வேறு வகை. பொத்தான்களை வரைய என் நிரல் நம்பியிருந்த லைப்ரரி, அதாவது துணைநிரல் தொகுப்பு, அவளுடைய பழைய மடிக்கணினியில் இல்லை. அதையும் நிரலோடு சேர்த்து அனுப்பினேன். அடுத்து எழுத்துகளைக் காட்டும் லைப்ரரி முரண்டு பிடித்தது. அதையும் சேர்த்தேன். பிழைச் செய்தியைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் கேட்கமாட்டாள். சனிக்கிழமைதோறும் போனில் எழுத்தெழுத்தாக வாசிப்பாள். அந்தச் சாக்கில் மாமியாரின் முழங்கால் வலி, மழையில் ஊறிய பலகை எல்லாம் வரும். அலுவலகத்தில் இப்படி ஒரு பிழை வந்தால் எரிந்து விழுவேன். இவளுடைய பிழைக்காகச் சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தேன்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சி லைப்ரரி மிஞ்சியது. அதைக் கூடவே அனுப்புவது வம்பு. என் புதிய கணினியில் உருவாக்கிய நிரல் புதிய சி லைப்ரரியைக் கேட்டது. அவளிடம் இருந்ததோ பழையது. இருப்பதிலேயே பழைய லினக்ஸில் வைத்து உருவாக்கினால் புதியதிலும் ஓடும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அப்படியே செய்தேன், அரை மனதோடு.

"அலமாக்! ஓடுதுக்கா! இனிமே உன்ன தொல்ல பண்ணமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். சனிக்கிழமைகள் வந்துபோயின, போன் வரவில்லை. அவள் குரலுக்கு வெட்கமில்லாமல் ஏங்கினேன். பொறுக்கமுடியாமல் நானே கூப்பிட்டேன்.

"புரோகிராம் ஓடுதா?"

"நல்லா ஓடுதுக்கா."

"அப்ப சரி. வேற ஏதாச்சும் கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

சரி, வைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மெதுவாகச் சொன்னாள்: "நானும் தெனம் போனைக் கையில எடுக்கிறேன்க்கா. என்ன சாக்கு சொல்லிக் கூப்பிடறதுன்னுதான் தெரியல."