மான்களுக்கு வேண்டிய வெளிச்சம்

வெம்பிளியில், சாலைக்கு அடியில் போகும் நடைபாதைச் சுரங்கத்துக்குள் வராமல் ஒரு நாய் அடம்பிடித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் கம்பளித் தொப்பி போட்ட யாழ்ப்பாணத்துக்காரர்.

“இழுத்துப் பாருங்களேன் அண்ணே,” என்றேன்.

“ஏலாது தம்பி,” என்று நாயைக் காட்டினார். “இழுத்தா இவர் கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதிப்போடுவார். உள்ளுக்க வெளிச்சம் இருந்தா வருவார்.”

பாலைவன நகரம் ஒன்றின் சாலையை அகலப்படுத்த எங்கள் லண்டன் அலுவலகம்தான் வரைபடம் போடுகிறது. அங்கே சாலைக்கு அடியில் மான்கள் கடக்கும் சுரங்கம் இனி நீண்டு இருண்டுவிடும். உள்ளே நுழையப் பயந்து அவை சாலையில் ஏறி அடிபடும். சாலை நடுவே, போகும் வழியையும் வரும் வழியையும் பிரிக்கும் திட்டில், சுரங்கத்துக்கு ஒரு திறப்பு விட்டால் பாதி வழியில் வெயில் இறங்குமே. அவரிடமே சொன்னேன்.

“ஓம், அவையளுக்கும் பயம் இருக்கும்தானே,” என்றார்.

மான்களை ‘அவர்கள்’ என்பதுபோல் ‘அவையள்’ என்று மரியாதையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாளைக் காலை அந்தத் திறப்பை வரைந்து மேலாளர் முன் வைக்கப்போகிறேன்.