கார்டு காலி

எங்கக்காவை எல்லாரும் 'நிமிருங்க அக்கா'ன்னுதான் சொல்லுவாங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு யார் வந்து உட்கார்ந்தாலும், "நிமிருங்க... ரொம்ப நிமிராதீங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லுவா. ஸ்டூடியோ அவளோடது. கம்ப்யூட்டர்ல படங்களைச் சரி பண்ற தங்கச்சி நான். லைட் ஸ்டாண்டைத் தூக்கிட்டு வர்றது மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சும்மா இருங்கன்னு சொன்னா மனுஷனுக்கு உடம்புக்கு முடியாமப் போயிடும்.

மெமரி கார்டு விஷயத்துல அக்கா மகா கெடுபிடி. ஆளுங்க படத்தைக் கண்ணால பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் கார்டை அழிக்க விடமாட்டா. எடுத்த கார்டெல்லாம் ஒரு பழைய சோப்பு டப்பாவுல, அதுவும் அவ கைப்பைக்குள்ள. "இன்னும் நாலு கார்டு வாங்கிப் போடேன்"னா, "வாங்கினா நீ தொலைப்பே"ம்பா. நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தொலைச்சதில்லை. சொன்னாக் கேட்டாத்தானே!

அப்படிப்பட்டவகிட்ட ஒரு கல்யாணப்பொண்ணு வந்தா. "அக்கா, ஆல்பம் எப்படி வேணா இருக்கட்டும். என் ரெண்டு அண்ணனுங்களும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேணும்"னா. அப்பா வீடு யாருக்குங்கிற தகராறுல, அவங்க ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கிறதில்லை. மூத்தவர் வெளிநாட்டுல இருக்கார், கல்யாணம் முடிஞ்ச வாரமே கிளம்பிடுவார். மறுபடி எப்போ வருவாரோ, வந்தாலும் சேர்ந்து நிப்பாங்களோ.

கல்யாணத்தன்னைக்குக் கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு பேரையும் மேடையேத்திட்டா பொண்ணு. அக்கா படம் எடுத்தா, அதோட கார்டுல இடம் முடிஞ்சுது. கழட்டி மேஜை மேல வச்சுட்டு அவசரமா லென்ஸ் மாத்திட்டிருந்தா. மாமா வந்து கார்டைக் காட்டி, "இது காலியா?"ன்னார். திரும்பிக்கூடப் பார்க்காம, "காலிங்க"ன்னா.

அக்கா சொன்னது, கார்டுல இடம் தீர்ந்துபோச்சுங்கிற காலி. டீசல் டேங்கைப் பார்த்தே வாழ்ந்தவருக்குக் காலின்னா உள்ள ஒண்ணுமில்லை. பொறுப்பான மனுஷன் வேற, விடுவாரா? இன்னொரு கேமராவுல போட்டு எதுக்கும் ஒரு தடவை சுத்தமா அழிச்சுத் தயாரா வச்சுட்டார். அது தெரியாம அதே கார்டுல அக்கா பந்தியில சாப்பிடறவங்களை வேற எடுத்துத் தள்ளியிருக்கா.

மறுநாள் கடையில நான் கார்டைப் போட்டா, வாய் நிறைய மென்னுட்டிருக்கிற ஆளுங்கதான் வந்தாங்க. "அண்ணன் தம்பி படம் எங்கேக்கா?"

மாமாவுக்கு முகம் வெளிறிப்போச்சு. "நீதானே காலின்னு சொன்னே?"

"காலின்னா அழிச்சிடுவீங்களா?"

"காலியா இருக்கிறதை அழிச்சா என்ன போச்சுன்னு நினைச்சேன்..."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அக்கா முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போயிடுச்சு. மாமா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடலை.

அழிச்ச படம் உடனே போயிடாது, அது இருந்த இடத்துல வேற படம் ஏறாம இருந்தா மீட்டுடலாம்னு சொல்லி, அதுக்கான சாஃப்ட்வேரை ஓட விட்டேன். அக்கா காத்திருக்கலை. போனைப் போட்டு, "தப்பு எங்க மேலதான்மா"ன்னு நடந்ததைச் சொல்லிட்டா. அந்தப் பொண்ணு அழுதது எனக்கே கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே கூப்பிட்டா. அண்ணனுங்க ரெண்டு பேரையும் கிழிகிழின்னு கிழிச்சுட்டாளாம். "நாளைக்குச் சாயந்திரம் உங்க ஸ்டூடியோவுக்கு வருவாங்கக்கா. வரலைன்னா எனக்கு அண்ணனுங்களே இல்லைன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் காலையிலயே படம் கிடைச்சிடுச்சு! ஒரு சேதாரமும் இல்லை. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொரு ஆள் தாராளமா நிக்கலாம். ஒருத்தர் இந்தச் சுவரைப் பார்க்கிறார், இன்னொருத்தர் அந்தச் சுவரைப் பார்க்கிறார். நான் துள்ளிக் குதிச்சேன். "வர வேணாம்னு சொல்லிடட்டுமாக்கா?"

அக்கா அந்தப் படத்தையே பார்த்துட்டிருந்தா. "போனைக் கீழ வை"ன்னா.

சாயந்திரம் வந்தாங்க. பெஞ்சுல ஆளுக்கு ஒரு ஓரமா உட்கார்ந்தாங்க. அக்கா வேணும்னே ஒரு லைட்டைப் போடறதும் அணைக்கிறதுமா இழுத்தடிச்சா. மாமாவுக்கு மனசு கேட்கலை. "தம்பி, எல்லாம் என்னாலதான்"னு ஆரம்பிச்சு, டீசல் டேங்க் வரைக்கும் காலி கதை முழுசையும் ஒப்பிச்சார்.

மூத்தவர் குனிஞ்சுட்டே சொன்னார். "அப்பாவும் இப்படித்தான். தொட்டி காலின்னு அவர் சொன்னா, போய் எட்டிப் பார்த்தாத்தான் நிஜம் தெரியும்."

"எட்டிப் பார்த்து உள்ள விழுந்தது நாந்தானேண்ணா"ன்னார் சின்னவர்.

"தூக்கினது யாருடா?"

அவ்வளவுதான், ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. பெஞ்சுலயே வச்சு எடுத்துட்டா அக்கா. நிமிருங்கன்னு சொல்லலை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அவங்க சேர்ந்தே படியிறங்கிப் போனதுக்கப்புறம், "மத்த படமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. அந்த மேடைப் படத்தையும் பொண்ணுக்கு அனுப்பிடவா?"ன்னு கேட்டேன். அக்கா கம்ப்யூட்டர்லேருந்து அந்தப் பழைய கார்டை உருவி மாமா கையில குடுத்தா.

"இது காலிங்க."

மாமா கார்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எந்தக் காலி?"

"உங்க காலி."