அம்மா வழிமறித்த ஜட்கா

பிரயாணம் என்றாலே எனக்கு ஆகாது. சின்ன வயதில் பிடித்த பயம் அது.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்தப்பா கல்யாணத்துக்காக அப்பா, அம்மா, நான் மூவரும் ஸ்ரீரங்கத்தில் காலை பாசஞ்சர் ஏறிப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். விருத்தாசலத்தில் வண்டி நின்றதும் அப்பா கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினார். குழாயடியில் ஒரே கூட்டம். அவர் முறை வருவதற்குள் விசில் ஊதிவிட்டது. அப்பா ஓடி வருவது தெரிந்தது. அப்புறம் பிளாட்பாரத் தூண்கள்தான் தெரிந்தன. அப்புறம் வெறும் புளியமரங்கள்.

நான் அலறினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்நிய ஆண்பிள்ளைகளிடம் நின்று பேசியே அறியாதவள் அவள். டிக்கெட், பணம் எல்லாம் அப்பாவின் சட்டைப் பையில். பெட்டியில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"விழுப்புரம் வரைக்கும் போயிடுங்கம்மா. பெரிய ஸ்டேஷன்."

"அதெல்லாம் வேணாம், சங்கிலியப் பிடிச்சு இழுங்க."

அடுத்து வண்டி நின்ற சின்ன ஸ்டேஷனில் அம்மா படுக்கையைத் தூக்கி வெளியே போட்டாள். "இறங்குடி."

"இங்க யாருமே இல்லையேம்மா!"

"அதுக்குத்தான். கூட்டம் இல்லாத இடத்துல நின்னாதான் அப்பா கண்ணுல படுவோம்."

ஸ்டேஷன் மாஸ்டர் வந்து டிக்கெட் கேட்டார். "பின்னாலே வந்துண்டிருக்கு" என்றாள் அம்மா. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மரத்தடியில் உட்காரக்கூட அம்மா விடவில்லை, வெயிலில் நிற்கவைத்தாள். ஒரு ரயில் நிற்காமலே எங்களைக் கடந்து போயிற்று. அப்பா அதில்தான் இருக்கிறார் என்று நினைத்து, "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே கூட ஓடினேன். அம்மா பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

சாயங்காலத்துக்கு முன்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்றது. கடைசியில் இருந்த கார்டு பெட்டியிலிருந்து, வேஷ்டியெல்லாம் கரியாக, அப்பா இறங்கினார். கையில் கூஜா.

"தண்ணி கிடைச்சுதா?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டு அப்படியே படுக்கைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவளும் பயந்துதான் போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நல்ல பிரயாணமே வாய்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். திருவெள்ளறைத் தேருக்கு மாட்டுவண்டியில் போவோம். பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, புளியோதரைக் கையை நக்கிக்கொண்டு, பின்னால் வரும் வண்டிமாட்டின் மூக்கைத் தொடப் பார்ப்பேன். எந்தப் பயமும் கிடையாது. பின்னாளில் அந்த ஊரிலேயே என்னைக் கொடுத்தார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் கணவர் வேலையாகப் பூனாவில் இருந்தார். தலைப்பிரசவத்துக்கு என்னை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போக அம்மா தனியாகவே வந்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்ரோல் பஞ்சம். பின்னால் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து ஓட்டுகிற பஸ்தான் இருந்தது. நாள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் இடுப்பில் சுரீர் என்றது. அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வலித்தபோது அவளே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

கொள்ளிடம் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. டிரைவர் கரியைக் கிளறினார். ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பஸ் நகரவில்லை. நான் முன்சீட்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாழியாகும்?" என்று அம்மா கேட்டாள்.

"சூடு ஏறணும்மா. இப்ப சொல்ல முடியாதுங்க."

அம்மா கீழே இறங்கினாள். அந்தச் சமயம் ஒரு ஜட்கா வேகமாக வந்தது. நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். குதிரை முன்னங்காலைத் தூக்கியது. அவள் நகரவில்லை.

உள்ளே தொப்பி வைத்த ஒரு பெரியவர். பாலக்கரையில் தோல் வியாபாரமாம்; வாடகை வண்டிக்காரருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. "நகருங்கம்மா, ரயிலுக்குப் போறேன்" என்றார்.

"என் பொண்ணுக்கு வலி எடுத்துடுத்து."

அவர் பஸ் ஜன்னலில் என்னைப் பார்த்தார். மறு பேச்சு பேசாமல் பெட்டியோடு இறங்கிவிட்டார். "வைக்கோலை நல்லா பரத்திப் போடு. பாலத்துல பார்த்து ஓட்டு" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, "அல்லா காப்பாத்துவான், போங்க" என்றார்.

பாலத்தின் நடுவில் வந்தபோது பக்கத்து ரயில் பாலத்தில் வண்டி ஒன்று தடதடவென்று போயிற்று. குதிரை மிரண்டு பக்கவாட்டில் இழுத்தது. சக்கரம் கைப்பிடிச் சுவரில் உரசியது. கீழே தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. "பெருமாளே, பெருமாளே" என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். வண்டிக்காரர் குதித்து இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து, குதிரையின் காதருகே ஏதோ பேசிக்கொண்டே அக்கரை வரை நடத்திக்கொண்டு போனார்.

வீட்டு வாசற்படி ஏறியதுதான் நினைவிருக்கிறது. மருத்துவச்சி வந்து சேர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் பெண் பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. குழந்தை அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். அப்போதும் அழவில்லை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுபடி தட்டியபோது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ரோட்டிலே பிறந்திருந்தா பிழைச்சிருக்காது" என்று மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

அன்று ராத்திரியே அம்மா அப்பாவிடம், "அந்த மனுஷரைத் தேடிப் போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள். பாலக்கரையில் தோல் மண்டிகளுக்கா குறைச்சல்? அப்பா பல நாள் அலைந்தார். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "பேரைக் கேக்காம வந்துட்டேனே" என்பாள்.