கழித்தல் குறி போட்ட நேரம்

உப்பள மோட்டாரில் மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் பெட்டிகளை வானூரில் ஒரு சின்னப் பட்டறை செய்கிறது. நான் அதற்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். பெட்டியின் சுற்றைக் கணினியில் சிமுலேஷனாக ஓட்டுவது, வெளிவரும் பைனரி கோப்பைப் பட்டறையில் எல்லோரும் திறக்கக்கூடிய அட்டவணையாக மாற்றுவது, தேர்ச்சிச் சீட்டு அச்சிடுவது என மூன்று வேலைகள். மரக்காணத்தில் அம்மா உப்பு வாரும் அளத்திலும் எங்கள் பெட்டிதான் மாட்டியிருந்தது.

சிமுலேஷனில் மனிதர் என்பது ஒரு மின்தடை, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவருக்கு ஈடான மதிப்பு. அதற்கு ‘ஆள்’ என்று பெயர் வைத்திருந்தேன். கோப்பில் நேரம் ஒரு பத்தி, கசிவு ஒரு பத்தி, ஆள் வழியாகப் போகும் மின்னோட்டம் ஒரு பத்தி.

உப்புக்காற்றின் ஈரத்தில் பெட்டி காரணமில்லாமல் விழுந்து கரண்டை நிறுத்திவிடுகிறது என்று அளங்களிலிருந்து புகார் வந்தது. சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் விழாமலிருக்கப் பெரிய கண்டென்சர் ஒன்றைச் சேர்த்து மறுபடி ஓட்டினோம். கோப்பை மாற்ற நான் எழுதிய நிரலில் நான்கு படிகள். ஒன்று, படி. இரண்டு, நேர வரிசையில் அடுக்கு. மூன்று, பூஜ்ஜியத்தில் தொடங்கும்படி தள்ளிவை. நான்கு, கட் ஆன நேரத்திலிருந்து கசிவு வந்த நேரத்தைக் கழி. விடை, ஆள் ஆபத்தில்லாமல் தாங்கக்கூடிய நேர எல்லையைவிடக் குறைவு என்றால் ‘தேர்ச்சி’ என்று அச்சிடு. அச்சிட்டது. அம்மாவின் அளம் உட்பட மூன்று அளங்களில் புதிய பெட்டியை மாட்டினார்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தியபோது டக்கென்று விழுந்தது. அந்த டக்குக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது கண்ணுக்குத் தெரியாது.

சீட்டையும் வரைபடத்தையும் அம்மாவின் அளத்து மேஸ்திரியிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, இதுல மொதல்ல கட் ஆவுது, அப்புறந்தான் கசிவே வருது. உன் பொட்டிக்கு ஜோசியம் தெரியுமா?”

வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். “தெரிஞ்சா எம்பொண்ணுக்கு எப்ப கல்யாணம்னு கேட்டு சொல்லு பாப்பா” என்றாள் ஒருத்தி.

“அவ்ளோ வேகங்கண்ணா” என்றேன் நான். அப்படித்தான் சொன்னேன்.

அந்த அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் போடுமுன் மேஸ்திரி “மேல ஏறு” என்று குரல் கொடுப்பார். பாத்தியில் நிற்பவர்கள் எல்லோரும் வரப்பில் ஏறிக்கொள்வார்கள். மோட்டார் சீராக ஓடிய பிறகே இறங்குவார்கள். குழாய்ப் பக்கம் நின்றால் காலில் சுர்ரென்கிறது என்று இரண்டு பேர் சொன்னதிலிருந்து வந்த வழக்கம் அது. “நாளையிலேர்ந்து ஏறி எறங்குற வேல இல்ல. ஜோசியப் பொட்டி பாத்துக்கும்” என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை பத்து மணிக்கும் அந்த ஜோசியப் பேச்சு என்னை விடவில்லை. அடுக்கி முடித்து, இன்னும் தள்ளிவைக்காத கோப்பைத் திறந்தேன். முதல் வரிசையில் நேரத்தின் முன்னால் ஒரு கழித்தல் குறி. அடுத்ததிலும். கீழே போகப் போக நூற்றுக்கணக்கான வரிசைகள், எல்லாம் தொடக்கத்துக்கு முந்தைய நேரத்தில். நான் ஓட்டுவதற்கு முன்பே அந்தச் சுற்று ஓடியிருந்தது. அந்த வரிசைகளில் ஆள் அசைவில்லாமல் இருந்தார், மின்னோட்டம் சுத்தமாக இல்லை. அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் கசிவு வந்தது. ஆளின் பத்தி ஏறியது, ஏறிக்கொண்டே போனது, கோப்பு முடிந்துவிட்டது. முதலில் அடங்கிப்போய், பிறகு கரண்ட் தொட்ட ஒருவர். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மென்பொருளின் கையேட்டைத் திறந்தேன்.

விளக்கம் கையேட்டில் ஒரே வரியாக இருந்தது. மாற்றமில்லாத இடங்களில் கோப்பின் அளவைக் குறைக்க மென்பொருள் சில புள்ளிகளை விட்டுவிடும். விட்ட இடத்தில் நேரத்துக்குக் கழித்தல் குறி போடும். அது அடையாளம் மட்டுமே, நேரம் பின்னால் போவதில்லை. நான் அதைக் கணக்காக எடுத்து வரிசைப்படுத்தியிருந்தேன். கரண்ட் நின்ற பிறகான அமைதி முழுவதும் தொடக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. விடை எதிர்மறையானது. எதிர்மறை எண் எந்த எல்லையையும்விடக் குறைவுதான்.

குறிகளை நீக்கி மறுபடி மாற்றினேன். வரிசைகள் தம் இடத்துக்குப் போயின. கசிவு வந்து, எங்கள் எல்லையைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆள் அதைத் தாங்கியபடி இருந்து, அதன் பிறகே கட் ஆனது. புதிய கண்டென்சர்தான் பெட்டியைத் தாமதப்படுத்தியிருந்தது.

மணி பத்தேமுக்கால். மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் கரண்ட் எங்கள் பக்கம் பதினொன்றுக்கு வரும். அம்மாவின் போன் சோற்றுப் பையில் இருக்கும். அடித்து அடித்து நின்றது. மேஸ்திரியின் போன் சுவிட்ச் ஆஃப். ஸ்கூட்டியை எடுத்தேன்.

அளத்தில் சத்தமே இல்லை. உப்புக் குவியல்களின் வெள்ளையில் கண் கூசியது. அம்மாவும் நான்கு பெண்களும் பாத்தித் தண்ணீரில் அப்படியே நின்றிருந்தார்கள். மேஸ்திரி மோட்டார் கொட்டகையில் சுவிட்சை நோக்கிக் கையை உயர்த்தியிருந்தார்.

“போடாதீங்கண்ணா. எல்லாரும் மேல ஏறுங்க.”

“இன்னாம்மா, ஜோசியம் பொய்யா?”

“நான் தப்பா மாத்திட்டேன். பொட்டி லேட்டா கட் பண்ணுது.”

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மா கடைசியாக ஏறினாள், என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரி சோதித்துப் பார்க்க மோட்டாரைப் போட்டார். கொஞ்சம் ஓடியதும் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து இரும்புக் குழாயில் வைத்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கையால் நிழல் கட்டி, “நீ பாரு” என்றார். குனிந்து பார்த்தேன். டெஸ்டருக்குள் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. குழாயில் கரண்ட் இருந்தது.

மோட்டாரை நிறுத்தினார். குழாயடியில் அம்மா நின்ற இடத்தில், தண்ணீருக்கடியில் சேற்றில் இரண்டு பாதத் தடங்கள் கலங்காமல் தெரிந்தன.

“இந்த சீட்ட இன்னும் எத்தினி அளத்துக்குக் குடுத்த?” என்று கேட்டாள் அம்மா.

அதுவரை அது என் நினைவிலேயே இல்லை. “ரெண்டு.”

மேஸ்திரி அதற்குள் போனை ஆன் செய்து கால்வாய்க்கு அந்தப் பக்கத்து இரண்டு அளங்களின் மேஸ்திரிகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பதினொன்று தாண்டிவிட்டது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் இரண்டு மோட்டார்களும் ஓடுவது எங்களுக்குக் கேட்டது. வரப்பில் ஆறு பெண்களும் அந்தப் பக்கம் பார்த்து நின்றோம். ஒன்று நின்றது. மற்றது ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவும் நின்ற பிறகும் விடவில்லை.