கோலோனில் ஒன்றரை மணி நேரம்

வசந்தமலர் அமெரிக்காவில் பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்தாள். ஒரு நாளும் பிந்திப் போனதில்லை; யாரோடும் உரத்துப் பேசியதில்லை. யாழ்ப்பாணம் பாசையூரில் பிறந்து, கல்யாணம் முடித்த கையோடு 1979இல் நியூ ஜெர்சிக்கு வந்தவள். கணவர் அந்தோனிப்பிள்ளை பாலம் கட்டும் நிறுவனமொன்றில் பொறியியலாளர்.

2000ஆம் ஆண்டு டிசம்பரில், நத்தாருக்கு முந்தின வாரம், அவர் தடித்த உறை ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"பெப்ரவரியில பத்து நாள் குரூஸ். பனாமா கால்வாய்க்குள்ள போற கப்பல். புக் பண்ணிட்டன்," என்றார். கப்பலைத் தண்ணீராலேயே படிப்படியாக மேலே தூக்கும் அந்தத் தொட்டிகளைப் பார்க்கவேண்டும் என்று படிக்கிற காலத்திலிருந்தே ஆசைப்பட்டவர்.

"பனாமாவோ?" என்றாள் மலர்.

அவளுடைய ஒரே தம்பி அமலதாஸ் புதைக்கப்பட்டிருப்பது அங்கேதான்.

அவன் சரக்குக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில் வேலை செய்தான். 1983 ஜூனில் அந்தக் கப்பல் கால்வாயைக் கடந்து ஹூஸ்டனுக்கு வர இருந்தது. "ஹூஸ்டனில ரெண்டு கிழமை நிப்பம் அக்கா. பஸ் பிடிச்செண்டாலும் வந்து உன்னைப் பாத்திட்டுத்தான் போவன்" என்று எழுதியிருந்தான். மலர் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. கால்வாய் வாசலில் கப்பல் தன் முறைக்காகக் காத்து நின்ற நாட்களில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள், கப்பல் கால்வாயைக் கடந்த கையோடு, மறுமுனையிலுள்ள கோலோன் நகரத்தில் இறந்தான். வயது இருபத்துநான்கு.

கப்பல் முகவரின் தொலைபேசி அழைப்பை எடுத்தவர் அந்தோனிப்பிள்ளை. உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்குவதா என்று அன்றைக்கே சொல்லச் சொன்னார்கள். அடக்கச் சொன்னார். மலரிடம், "கப்பல் வேற பக்கம் திரும்பிட்டுதாம்" என்று சொல்லிவிட்டார். மகள் லக்ஷிகா பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகே உண்மையைச் சொன்னார். மலர் அன்று முழுக்க அழுதாள். கொஞ்ச நாளில் தம்பியின் பேரை எடுப்பதையே அந்த வீட்டில் இருவரும் விட்டுவிட்டார்கள். அவளிடம் மிஞ்சியது முகவர் பிறகு அனுப்பிய கடிதம் ஒன்றுதான். அதில் கல்லறைத் தோட்டத்தின் விலாசமும் குழியின் எண்ணும் இருந்தன.

ஜனவரியில், ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிப் பார்க்கக்கூடிய இடங்களின் பட்டியல் வந்தது. விருப்பமானவற்றுக்கு அடையாளமிட்டு முன்கூட்டியே அனுப்பவேண்டும். "நீயே பாத்து நிரப்பு," என்று அந்தோனிப்பிள்ளை அதை அவளிடம் கொடுத்தார். கார்த்தஹேனாவுக்குக் கோட்டை, கோஸ்டா ரிக்காவின் லிமோனுக்கு ரயில் பயணம் என்று மற்ற ஊர்களை ஐந்து நிமிடத்தில் முடித்தாள். பனாமாவுக்கு மூன்று வாரம் எடுத்தது.

கப்பல் காலையில் தொட்டிகளில் ஏறிக் கால்வாயின் நடுவிலுள்ள கட்டூன் ஏரிக்குள் போகும். சுற்றுலாச் சீட்டு எடுத்தவர்கள் மட்டும் அங்கே சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போகலாம். மற்றவர்களோடு கப்பல் திரும்பி இறங்கி, நாலு மணிக்குக் கோலோன் துறைமுகத்தில் கட்டும். கல்லறை அலுவலகமோ மூன்று மணிக்கே பூட்டிவிடும். ஆகவே கப்பலில் இருந்தால் சரிவராது. பட்டியலிலேயே மிகக் குறுகிய பஸ் சுற்றுலா ஒன்றரை மணிக்குக் கோலோனுக்கு வந்துவிடுகிறது. அதில் போனால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

அலுவலக நேரத்தை விசாரித்துச் சொன்னது மர்சேலா. அதே பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள், கோலோனில் பிறந்தவள். மதிய இடைவேளையில் ஸ்பானிய மொழியில் நீண்ட நேரம் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். பதிவேட்டில் பேர் இருக்கிறது, ஆனால் குழியைக் காட்டமுடியுமா என்று தெரியாது என்றார்களாம். துறைமுக வாசலுக்குத் தன் ஒன்றுவிட்ட சகோதரன் டாக்ஸியோடு வருவான் என்றும் சொன்னாள்.

படிவத்தை அனுப்பவேண்டிய கடைசி நாளில் மலர் அதைக் கணவருக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்கள் கப்பலிலயே இருந்து முழுக்கப் பாருங்கோ. நான் மட்டும் ஏரியில இறங்கிறன். தம்பியிட்டப் போகவேணும்."

அந்தோனிப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். "டிக்கெட் எடுக்கேக்கையே எனக்கு ஞாபகம் வந்தது, மலர். உன்னட்டச் சொல்ல வாய் வரேல்லை."

"இப்ப சொல்லுறியள்தானே."

"எனக்கும் சேத்து ரெண்டெண்டு போடு," என்றார்.

பெப்ரவரி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர்கள் ஏரியில் இறங்கினார்கள். கப்பல் மேலே ஏறியதை அந்தோனிப்பிள்ளை பார்த்துவிட்டார்; ஆனால் படம் எடுக்கவில்லை. பஸ் இருபது நிமிடம் பிந்திவந்தது. மர்சேலாவின் சகோதரன் துறைமுக வாசலில் டாக்ஸியோடு நின்றார்.

கல்லறைத் தோட்டத்துக் காவலாளி வயதானவர். பெரிய பதிவேட்டை விரித்து விரலால் தடவி ஒரு வரியில் நிறுத்தினார். 'அமலடோஸ், மாலுமி, சிலோன்.' பிறகு அவர்களை வேலியோரம் கூட்டிப்போனார். கப்பல்காரர்களைப் புதைத்த வரிசை அது. ஒரு வருடம் வெள்ளம் புகுந்ததில் எண் பொறித்த மரப்பலகைகள் போய்விட்டன. புல்தரைதான் இருந்தது. நிலம் இறங்கிய பதினொரு இடங்களில் மட்டும் குழிகள் இருந்தது தெரிந்தது.

"இதில எது?" என்று மலர் ஆங்கிலத்தில் கேட்டதை டாக்ஸிக்காரர் மொழிபெயர்த்தார். காவலாளி கையால் வரிசையைக் காட்டினார். இந்தப் பதினொன்றில் ஒன்று. அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றார்.

மலர் ஒரு பெட்டி மெழுகுதிரி கொண்டுபோயிருந்தாள். முதல் பள்ளத்துக்குப் போய் முழங்காலில் இருந்தாள். "அமலன், அக்கா வந்திருக்கிறன்," என்று சொல்லி ஒரு திரியைக் கொளுத்தி நட்டாள். எழுந்து இரண்டாவதுக்குப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள். நாலாவதில் காற்று நெருப்பை அணைத்தது. அந்தோனிப்பிள்ளை வந்து தொப்பியால் மறைத்துப் பிடித்தார். கடைசிவரைக்கும் அப்படியே பிடித்தார். பதினோராவதில் அவளால் எழும்ப முடியவில்லை. அவர் தூக்கிவிட்டார்; இருவரும் அழுதார்கள். மூன்று மணிக்குக் காவலாளி வாசலைப் பூட்டினார். திரிகளைத் தான் அணைக்கமாட்டேன் என்று அவராகவே சொன்னார்.

மறுநாள் லிமோனில் மற்றவர்கள் ரயில் பயணம் போனார்கள். மலர் போகவில்லை. வெறிச்சோடிக் கிடந்த மேல்தளத்தில் கணவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அண்டைக்கு ஃபோனில என்ன சொன்னவை? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். இரைச்சலான லைன். நேரமில்லை என்று அவசரப்படுத்திய குரல். உள்ளறையில் அவள் படுத்திருந்தாள். ரத்த அழுத்தம் கூடி, அசையவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த கிழமை. "என்ன சமயம் எண்டு கேட்டவை. கத்தோலிக்கன், சுவாமியார் இல்லாமல் அடக்கக்கூடாது எண்டு சொன்னனான். அடுத்த நாள் நானே திருப்பி எடுத்துக் கேட்டன்."

"சுவாமியார் வந்தவரோ?"

"வந்தவர். கப்பல்காரப் பொடியள் ஆறு பேரும் வந்தவையாம். அவையள்தான் தூக்கினவை."

பதினேழு வருடமாக மலர், தம்பியை யாருமில்லாமல் போட்டுப் புதைத்ததாகவே நினைத்து வைத்திருந்தாள்.

"ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"அவன்ர பேரை எடுத்தாலே நீ எழும்பிப் போயிடுவாய். பிறகு எனக்குப் பயம் வந்திட்டுது."

அவள் தன் கையை எடுத்து அவர் கையின்மேல் வைத்தாள்.

அந்த வருடம் ஜூனில் அவர்களுடைய தேவாலயத்தில் அமலதாசுக்காக முதல் தடவையாகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பேரை எழுதிக் கொடுத்தவர் அந்தோனிப்பிள்ளை. லக்ஷிகா முன்வரிசையில் இருவருக்கும் நடுவில் இருந்தாள்.